வைக்கோலுக்குள் இருக்கும் சர்க்கரை

ஆய்வுக்கூட மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பயிர்க்கழிவைச் சர்க்கரையாக உடைத்து, அந்தச் சர்க்கரையிலிருந்து பெட்ரோலியம் இல்லாமலே வேதிப்பொருள்கள் செய்யலாம் என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே நான்கு வரி எழுதியிருந்தேன். மீஞ்சூர் முதல் வண்ணாரப்பேட்டை வரை அதைப் பற்றியே கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் மணலியில் ஒரு வேதித் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு திருவொற்றியூரில்.

வைக்கோலில் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள். மென்று பார்த்தால் இனிக்கவில்லையே அம்மா? வடக்கே வைக்கோலை ஆலைக்காரர்கள் வாங்குகிறார்களாம். எங்கள் பக்கமும் வருவார்களா?
– விவசாயி, மீஞ்சூர்

இனிக்காது ஐயா. குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் நீளமாகக் கோத்து நிற்பதைத்தான் செல்லுலோஸ் என்கிறோம். அரிசியில் உள்ள மாவுச்சத்தும் அதே குளுக்கோஸ்தான். ஆனால் கோத்திருக்கும் விதம் வேறு. மாவுச்சத்தின் இணைப்பை அறுக்கும் நொதி (என்சைம்) நம் எச்சிலிலேயே இருப்பதால் சோற்றை வெகுநேரம் மென்றால் லேசாக இனிக்கும். செல்லுலோஸை அறுக்கும் நொதி நமக்கு இல்லை. உங்கள் மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

வைக்கோலில் செல்லுலோஸ் தனியாகவும் இல்லை. காசிமேட்டில் மரப்படகு கட்டுகிறவர்கள் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். செல்லுலோஸ் பலகை, ஹெமிசெல்லுலோஸ் பஞ்சு, லிக்னின் குங்கிலியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் பூஞ்சையும் உள்ளே நுழையாமல் இருக்கத்தான் செடி இப்படிக் கட்டிக்கொள்கிறது. நாம் உள்ளே நுழைய வேண்டுமென்றால் முதலில் அந்தப் பூச்சைப் பெயர்க்க வேண்டும்.

கணக்கு இது. ஒரு டன் காய்ந்த வைக்கோலில் சுமார் 350 கிலோ செல்லுலோஸ், 220 கிலோ ஹெமிசெல்லுலோஸ் இருப்பதாகக் கொள்வோம். இணைப்பு அறுபடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்துகொள்வதால், எடுத்ததைவிடக் கிடைப்பது எடை கூடும். 350 கிலோ செல்லுலோஸ் முழுவதும் உடைந்தால் 389 கிலோ குளுக்கோஸ். ஹெமிசெல்லுலோஸிலிருந்து ஏறக்குறைய 250 கிலோ வேறு சர்க்கரைகள், பெரும்பாலும் சைலோஸ். ஏட்டுக்கணக்கில் டன்னுக்கு 640 கிலோ. ஆலையில் அவ்வளவு கிடைக்காது. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலின் சர்க்கரையை நொதிக்கவைத்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்ட அளவு. வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 150 லிட்டர். ஏட்டுக்கணக்குப்படி வரவேண்டியது 400 லிட்டருக்கு மேல்.

உங்கள் பக்கம் வருவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை விதைப்புக்கு அவசரப்பட்டு வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அங்கே அதை வாங்குவது புகையையும் தடுக்கும். நம் பக்கத்தில் வைக்கோல் மாட்டின் உணவு. மாட்டுக்கும் காளானுக்கும் மண்ணுக்கும் போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதே என் முதல் கேள்வி. சொர்ணவாரி அறுவடையில் மழையில் நனைந்து கறுத்துப்போனது, இயந்திரம் மிதித்து மாடு முகம் திருப்பிக்கொள்வது, இவைதான் ஆலைக்குப் போக வேண்டியவை. நல்ல சம்பா வைக்கோலை ஆலை விலையேற்றி வாங்கத் தொடங்கினால், இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் பெண்கள் தீவனத்துக்கு எங்கே போவார்கள்? அப்படி ஒரு ஆலை வருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அமிலத்தால் உடைப்பது நல்லதா, நொதியால் உடைப்பது நல்லதா? பாடப்புத்தகத்தில் இரண்டையும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள்.
– முதுகலை மாணவர், தண்டையார்பேட்டை

தம்பி, அமில வழி மிகப் பழையது. பிரான்சின் நான்சி நகரத்தில் ஆன்ரி பிராக்கோனோ என்பவர் 1819-இல் லினன் கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்தார். எடுத்த துணியைவிடச் சர்க்கரையின் எடை கூடுதலாக இருந்தது அந்தக் காலத்தவர்க்குப் பெரிய வியப்பு. செல்லுலோஸ் என்ற பொருளையே அன்செல்ம் பாயன் 1838-இல்தான் அடையாளம் கண்டார்.

அமிலத்தோடு நான் நெடுங்காலம் பழகியவள். மரத்திலோ வைக்கோலிலோ லிக்னின் எவ்வளவு என்று அளக்க இன்றும் ஆய்வுக்கூடத்தில் 72 சதவீதக் கந்தக அமிலத்தைத்தான் ஊற்றுகிறோம். பிறகு 4 சதவீதத்துக்கு நீர்த்து 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறோம். சர்க்கரை எல்லாம் கரைந்துபோய், கறுப்பாக லிக்னின் தங்கும். குடுவை அளவில் அழகான முறை. டன் கணக்கில் செய்தால் அமிலத்தை மீட்பதும், குழாய்கள் அரிக்காமல் காப்பதும் ஆலையையே விழுங்கிவிடும்.

நீர்த்த அமிலத்தை 160, 180 டிகிரிச் சூட்டில் பயன்படுத்தினால் ஹெமிசெல்லுலோஸ் விரைவாகக் கரையும். ஆனால் ஓரிரு நிமிடம் கூடிப்போனாலும் சைலோஸ் ஃபர்ஃப்யூரலாகவும், குளுக்கோஸ் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃப்யூரலாகவும் மாறத் தொடங்கும். இரண்டும் அடுத்த கட்டத்தில் சர்க்கரையை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. ஃபர்ஃப்யூரலுக்குத் தனிச் சந்தை இருப்பது வேறு கதை: அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920களின் தொடக்கத்திலேயே ஓட்ஸ் உமியிலிருந்து அதை வணிக அளவில் தயாரித்தது. இன்று வார்ப்பாலைகளில் மணல் அச்சு கட்டும் ஃபியூரான் பிசின் அதிலிருந்துதான் வருகிறது. எண்ணூரிலும் அம்பத்தூரிலும் வார்ப்பாலை வேலை தெரிந்தவர்களுக்கு அந்தப் பிசினின் நெடி தெரியும்.

நொதியின் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மளமளவென மக்கிப்போயின. காரணமான பூஞ்சையைப் பிடித்து வளர்த்தார்கள். படையின் ஆய்வாளர்கள் எல்வின் ரீஸ், மேரி மாண்டெல்ஸ் இருவரும் அதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். ரீஸின் நினைவாகவே அதற்கு டிரைக்கோடெர்மா ரீசெய் என்று பெயர். இன்று விற்பனையாகும், செல்லுலோஸை அறுக்கும் செல்லுலேஸ் நொதிகளில் பெரும்பகுதி அந்தப் பூஞ்சையின் வழித்தோன்றல்கள் சுரப்பவை. 50 டிகிரிச் சூடு, லேசான அமில நிலை (பி.எச். 5), இரண்டு மூன்று நாள் போதும். குளுக்கோஸ் சிதையாமல் அப்படியே கிடைக்கும். ஆனால் நொதிக்கு விலை உண்டு. லிக்னினில் ஒட்டிக்கொண்டு வீணாவதும் உண்டு. சர்க்கரை சேரச் சேர அதுவே நொதியின் வேகத்தைக் குறைக்கும்.

ஆகவே ஆலைகள் இரண்டையும் கலந்து செய்கின்றன. நீராவியாலோ நீர்த்த அமிலத்தாலோ காரத்தாலோ கட்டைத் தளர்த்திவிட்டு, பிறகு நொதியை விடுகிறார்கள். தேர்வில் எழுத இது போதும். வேலைக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வைக்கோலுக்குப் பொருந்தும் பக்குவம் சவுக்குக்குப் பொருந்தாது, சவுக்குக்குப் பொருந்துவது கரும்புச் சக்கைக்குப் பொருந்தாது.

எங்கள் மில்லில் உமி மலைபோலக் குவிகிறது. அதையும் சர்க்கரையாக்கலாமா?
– அரிசி ஆலைத் தொழிலாளி, செங்குன்றம்

ஆக்கலாம். ஆனால் அதைத் தொடாதீர்கள். உமியில் லிக்னின் மிகுதி. எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் வரும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உங்கள் மில்லிலேயே அது எரிபொருள். கிடைக்கிற இடத்திலேயே நல்ல வேலை செய்யும் பொருளைப் பிடுங்கி, அந்த இடத்தில் விறகோ நிலக்கரியோ எரிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவிலிருந்து வீட்டில் சர்க்கரை எடுக்க வழி சொல்லுங்கள்.
– வாசகி, வியாசர்பாடி

வீட்டில் வேண்டாம் அம்மா. அமிலமும் காரமும் சமையலறைக்கு வரக்கூடாத பொருள்கள். தோலை உரமாக்குங்கள், முருங்கைக்குப் போடுங்கள்.

பெட்ரோலியப் பொருள்களை நம்பி மணலியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாம் வைக்கோலில் இருந்து வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேலை?
– ஆலைத் தொழிலாளி, மணலி

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

மணலி சுத்திகரிப்பாலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றி உரம், சோப்புத்தூளுக்கான மூலப்பொருள், புரோப்பிலீன் கிளைக்கால் என்று ஆலைகள் வளர்ந்தன. புரோப்பிலீன் கிளைக்காலையே எடுத்துக்கொள்வோம். கச்சா எண்ணெயிலிருந்து புரோப்பிலீன் வாயு. அதிலிருந்து புரோப்பிலீன் ஆக்சைடு. அதோடு தண்ணீர் சேர்த்துக் கிளைக்கால். அது மருந்துக்கும் போகிறது, பாலியெஸ்டர் பிசினுக்கும் போகிறது. காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளின் உடம்பு கண்ணாடி இழையும் அந்தப் பிசினும்தான்.

புரோப்பிலீனில் ஆக்சிஜன் கிடையாது. கிளைக்காலில் இரண்டு ஆக்சிஜன் அணு இருக்கின்றன. அவற்றைப் புகுத்தத்தான் இத்தனை உலை, இத்தனை வினையூக்கி. சர்க்கரையிலோ ஒவ்வொரு கார்பனுக்கும் ஓர் ஆக்சிஜன் பிறவியிலேயே இருக்கிறது. குளுக்கோஸை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம் ஆக்கி, அதோடு ஹைட்ரஜன் சேர்த்தால் அதே புரோப்பிலீன் கிளைக்கால். கிளிசராலிலிருந்தும் சார்பிட்டாலிலிருந்தும் அதைச் செய்யும் முறைகளும் இருக்கின்றன. எந்த வழியில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. பிசின் காய்ச்சுகிறவருக்கு வேறுபாடு தெரியாது.

இங்கேதான் எனக்கு அரசின் திட்டங்களோடு கருத்து வேறுபாடு. வைக்கோல் சர்க்கரை என்றாலே எத்தனால், எத்தனால் என்றாலே பெட்ரோலில் கலப்பது என்று போய்விடுகிறோம். ஒரு கிலோ குளுக்கோஸ் ஈஸ்ட்டின் கையில் போனால் அதிகபட்சம் 510 கிராம் எத்தனால். மீதி 490 கிராம் கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். அதே ஒரு கிலோ குளுக்கோஸ் லாக்டிக் அமிலமானால் ஏட்டுக்கணக்கில் ஒரு கிலோவும் அப்படியே கிடைக்கும். ஓர் அணுகூட வீணாவதில்லை. அத்தனை பாடுபட்டுப் பிரித்தெடுத்த சர்க்கரையின் ஏறக்குறைய பாதியைக் காற்றில் விட்டுவிட்டு, மீதியை மோட்டார் சைக்கிளில் எரிக்க வேண்டுமா? மின்சாரத்தில் வண்டி ஓடும். மின்சாரத்தால் பிசினுக்கான கார்பனைத் தர முடியாது. அந்தக் கார்பன் நிலத்தடி எண்ணெயிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் செடியிலிருந்து வர வேண்டும்.

இது கனவல்ல. உத்தரகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் நிறுவனம் கரும்புப்பாகு எத்தனாலிலிருந்து எத்திலீன் கிளைக்கால் தயாரித்து நீண்ட காலம் ஆகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2004-இலேயே சர்க்கரையிலிருந்து செய்யத்தக்க 12 அடிப்படை வேதிப்பொருள்களின் பட்டியலை வெளியிட்டது. சக்சினிக் அமிலம், லெவுலினிக் அமிலம், சைலிட்டால் எல்லாம் அதில் உண்டு. அசாமின் நுமாலிகரில் மூங்கிலை எடுத்துக்கொள்ளும் ஆலை எத்தனாலோடு நிற்காமல் ஃபர்ஃப்யூரல், அசிட்டிக் அமிலம் ஆகியவற்றையும் தயாரிக்கும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது. அதுவே சரியான திசை என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் பிள்ளைகளின் வேலைக்கு வருவோம். காய்ச்சி வடிக்கும் கோபுரத்தை ஓட்டுகிறவர், ஹைட்ரஜன் உலையைக் காவல் காக்கிறவர், கலவையில் என்னென்ன எவ்வளவு என்று காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி முன் உட்கார்கிறவர், இவர்கள் எல்லோரும் சர்க்கரை வந்தாலும் தேவைப்படுவார்கள். புதிதாகக் கற்க வேண்டியது நொதித்தல் தொட்டியைக் கிருமி புகாமல் நடத்தும் வித்தை. எண்ணெய் ஆலைக்காரர்களுக்கு அது பழக்கமில்லை. ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் அதை இப்போதே கற்பிக்கத் தொடங்க வேண்டும்.

'பசுமை' என்று சொல்லி இன்னொரு ஆலையை எங்கள் தலையில் கட்டப் போகிறார்களா? அதன் கழிவு எங்கே போகும்? செடியிலிருந்து செய்த பிளாஸ்டிக் கடலில் கரைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– மீனவர் குடும்பத்துப் பெண், முகத்துவாரக்குப்பம்

உங்கள் சந்தேகம் நியாயமானது தங்கச்சி. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வலையும் படகும் என்ன ஆயின என்பதை நாமெல்லோரும் பார்த்தோம். செடியிலிருந்து தொடங்குகிறது என்பதற்காக எந்த ஆலையும் சுத்தமாகிவிடாது.

என்னென்ன வெளியே வரும் என்று சொல்லிவிடுகிறேன். காரத்தில் வைக்கோலை ஊறவைத்தால், லிக்னினும் சிலிக்காவும் கரைந்த கறுப்புத் தண்ணீர். நொதித்தலுக்குப் பிறகு மிஞ்சும் கழிவுநீர். ஆற்றில் விட்டால் அதிலுள்ள உயிர்வாயுவை எல்லாம் உறிஞ்சி மீனைக் கொல்லும். லாக்டிக் அமிலத்தை வழக்கமான சுண்ணாம்பு முறையில் பிரித்தால் ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம். எண்ணூரில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டியதே போதும். ஜிப்சம் மலை ஒன்று வேண்டாம்.

எனவே நான் சொல்வது இது. வைக்கோலை உடைக்கும் முதல் கட்டம் கழிமுகத்துக்கு வரவே கூடாது. வைக்கோல் எடையில்லாத, இடத்தை அடைக்கும் பொருள்; அதை லாரி லாரியாக எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏற்றி வருவதும் முட்டாள்தனம். கொதிகலனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை ஆலைகளின் பக்கத்தில் அது நடக்கட்டும். பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. மிஞ்சும் லிக்னினை அங்கேயே எரித்து நீராவி எடுக்கலாம். கெட்டியான பாகோ அமிலமோ மட்டும் மணலிக்கு வந்தால் போதும். அதற்கும் ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியேறாத ஏற்பாடு இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அனுமதி. கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் போங்கள். தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள். உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு, ஆவியாவது எவ்வளவு, மீதி எங்கே? இந்தக் கணக்கைத் தெளிவாகச் சொல்ல முடியாத ஆலையை நம்ப வேண்டாம்.

பிளாஸ்டிக்: லாக்டிக் அமிலத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. கடலில் கரையாது. 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் தொழில்முறை உரக்கூடத்தில்தான் அது வேகமாக மட்கும். கடலில் கிடந்தால் மற்ற பிளாஸ்டிக்கைப் போலவே வலையில் சிக்கும்.

வெளிநாட்டில் இந்த ஆலைகள் மூடப்பட்டன என்று படித்தேன். தோற்றுப்போன தொழிலை நாம் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பெரம்பூர்

மூடப்பட்டது உண்மை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டுபான்ட் 2015-இல் திறந்த சோளத்தட்டை ஆலையை 2017-இல் கைவிட்டது. இத்தாலியின் கிரெசென்டினோ ஆலை 2013-இல் தொடங்கி 2017-இல் நின்றது, பிறகு கைமாறியது. ருமேனியாவின் பொடாரியில் கிளாரியன்ட் கட்டிய ஆலையை மூடுவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள்.

இவற்றில் எதிலும் வேதியியல் பொய்க்கவில்லை. வயலிலிருந்து வரும் கட்டோடு மண்ணும் கல்லும் வரும். அது வைக்கோலை உள்ளே தள்ளும் திருகைத் தேய்த்து அறுக்கும், குழாயை அடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அறுவடையாகும் பொருளை ஆண்டு முழுவதும் நனையாமல், தீப்பிடிக்காமல் சேமிக்க வேண்டும். 2014-க்குப் பிறகு கச்சா எண்ணெய் விலை சரிந்ததும், லிட்டர் கணக்கில் எரிபொருள் விற்று இவ்வளவு செலவை ஈடுகட்ட முடியவில்லை. மலிவாக விற்க வேண்டிய பொருளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது என் எண்ணம். அதே சர்க்கரையைக் கிலோவுக்குக் கூடுதல் விலை பெறும் அமிலமாகவோ பிசினாகவோ சிறிய அளவில் செய்திருந்தால் தாக்குப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். நம்மிடம் தொடங்குகிறவர்கள் முதலில் மண் இல்லாத கழிவை எடுக்கட்டும். ஆலைக்குள்ளேயே கிடைக்கும் கரும்புச் சக்கை இருக்கிறது. ஆனால் கரூர்ப் பக்கத்துக் காகித ஆலைக்கும் கொதிகலனுக்கும் போனது போக எஞ்சியதை மட்டும். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்தே மிச்சம் இருக்கிறது. அதை உடைப்பது வைக்கோலைவிடப் பல மடங்கு எளிது.

எங்கள் வீட்டில் தையல் தொழில். எம்.சி. ரோடு கடைகளிலிருந்து வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக வருகிறது. கல்லூரித் திட்டப்பணிக்கு அதிலிருந்து குளுக்கோஸ் எடுக்க முயலலாமா?
– இளங்கலை வேதியியல் மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

கட்டாயம் முயலுங்கள். பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். லிக்னின் தொல்லை கிடையாது. வெள்ளைப் பருத்தியில் தொடங்குங்கள். பொடியாக நறுக்கி, குளிர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் ஊறவைத்தால் இழை உப்பித் தளரும். உங்கள் பேராசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கழுவிய நீரை நடுநிலையாக்கிய பிறகே வடிகாலில் விட வேண்டும். துணி நன்றாகக் கழுவப்பட்டதும் பி.எச். 4.8 உள்ள சிட்ரேட் கரைசலில் போட்டு, 50 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் வைத்து நொதி சேர்க்கலாம். திருப்பூரில் பின்னலாடையின் பிசிறு நீக்கப் பயன்படுத்தும் செல்லுலேஸ் நொதியே தொடக்கத்துக்குப் போதும். அமில நிலையில் வேலை செய்யும் வகையா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

நொதி இல்லாத குடுவை ஒன்று, துணி இல்லாத குடுவை ஒன்று பக்கத்தில் அவசியம் இருக்க வேண்டும். வணிக நொதிக் கரைசலில் ஏற்கெனவே சர்க்கரை கலந்திருக்கலாம். அதைக் கழிக்காமல் கணக்கிட்டால் உங்கள் விளைச்சல் பொய்யாக உயரும். சர்க்கரையை டி.என்.எஸ். சோதனையால் அளக்கலாம், மஞ்சள் கரைசல் செம்பழுப்பாக மாறும் அளவை வைத்துக் குளுக்கோஸைக் கணக்கிடுவார்கள். இரண்டாம் சுற்றில் பாலியெஸ்டர் கலந்த துணியை எடுங்கள். நொதி பருத்தியை மட்டும் தின்றுவிட்டுப் பாலியெஸ்டரை அப்படியே விட்டுவிடும். மிஞ்சியதைக் காயவைத்து நிறுத்தால், அந்தத் துணியில் பருத்தி எத்தனை சதவீதம் என்பதற்கும் நல்ல மதிப்பீடு கிடைக்கும். எண்களை எனக்கு எழுதுங்கள். சாயத் துணியில் அளவு குறைந்தால் அதையும் சேர்த்து.